பேர் அங்கே, பிள்ளை இங்கே

மூன்று வருஷம் என் மகளின் பேர் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது, மகள் வேறொரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. பொய் சொன்ன கதையை எழுதும்போது அதிலும் பொய் கலந்தால் சாமி இரண்டாம் முறை மன்னிக்க மாட்டார்.

எங்கள் ஊர் ஆந்திரா எல்லையில், விஜயபுரத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, செல்போனில் இங்கிலீஷ். எனக்கு நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கிற அளவுக்கு நிலம் உண்டு. கிருத்திகைக்குத் திருத்தணி, வருஷத்துக்கு ஒரு தடவை திருமலைக்கு நடை. ஐந்தாவது வரை படித்தேன், இதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது பார்க்க அழகாக இருக்கிறது. சுவரில் மயிலும் மாம்பழமும் வரைந்திருக்கிறார்கள். பெஞ்சு புதுசு, தண்ணீர் சுத்தம், கக்கூஸ் எங்கள் வீட்டுக் கக்கூசை விடப் பெரிசு. ஐந்து வகுப்புக்கும் வாத்தியார் ஒருவர்தான், ஹெட்மாஸ்டரும் அவரே. நாங்கள் அவரை ஐவாரு என்று கூப்பிடுவோம். சொந்த ஊர் புத்தலப்பட்டு. நகரியில் வாடகைக்கு இருந்துகொண்டு வண்டியில் வந்து போனார்.

மகளை ஒன்றாம் வகுப்பில் அங்கேதான் சேர்த்தேன். ஒரு மாதம் போனாள். ஒரு நாள் சாயங்காலம் மடியில் உட்கார வைத்து, "இன்னிக்கு இன்னா பாடம்டா?" என்று கேட்டேன்.

"முட்டை, நைனா."

"முட்டை துன்னது சரி. பாடம் இன்னா?"

"அதான் நைனா. ஐவாரு முட்டைய எல்லாம் வரிசையா வெச்சி போட்டோ எடுத்தாரு. அப்பறம் பாத்ரூமை எடுத்தாரு. அப்பறம் எங்களை எடுத்தாரு. சிக்னல் வரலன்னு மரத்தடிக்குப் போய்க்கினாரு. மணி அடிச்சிட்டாங்க."

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். குழந்தை சொன்னதில் ஒரு எழுத்து கூடக் குறைய இல்லை. ஐவாரு கெட்டவர் இல்லை. மேலே இருந்து கேட்கிற போட்டோவை அனுப்பாவிட்டால் அவர் சம்பளத்துக்கு ஆபத்து. குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்காவிட்டால் யார் சம்பளத்துக்கும் ஆபத்து இல்லை.

பக்கத்துச் சேரிக்குப் போகிற வழியில், பழைய கிறிஸ்தவ மிஷன் கோயிலை ஒட்டி ஷீட்டுப் போட்ட வீடு ஒன்று உண்டு. அங்கே ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடம் நடத்தினார். பல தலைமுறையாக அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பம். டீச்சர் டிரெய்னிங் முடித்தவர். டிகிரி படித்த இரண்டு பெண்களை உதவிக்கு வைத்திருந்தார். வெளியே போர்டு கிடையாது, ஏனென்றால் அரசாங்க அங்கீகாரம் கிடையாது. விளையாட்டு மைதானம் எங்கே, தீயணைப்புச் சான்று எங்கே, மாடிப்படி எத்தனை அடி அகலம் என்று கேட்கிறது அதற்கான படிவம். மாடியே இல்லாத வீட்டுக்கு மாடிப்படி அகலம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவது?

ஆனால் சாயங்காலம் நாலரைக்கு அந்த வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும். தாய்மார்கள் சுற்றி நின்று நோட்டைப் புரட்டுவார்கள். படிக்காத பெண்கள்தான். ஆனாலும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியும். "இன்னா டீச்சரம்மா, ரெண்டு நாளா கணக்கு நோட்டு காலியா கீது?" என்று கேட்பார்கள். டீச்சரம்மா பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை அடுத்த மாதம் வேன் ஏறி நகரி பிரைவேட் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

மகளை அங்கே மாற்றப் போகிறேன் என்று சொல்ல ஐவாருவிடம் போனேன். அவர் என்னை மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"புள்ளைய எங்க வேணா படிக்க வெய்யிப்பா. நான் தடுக்கல. பேரை மட்டும் எடுக்காத. கணக்கு கொறஞ்சா ஸ்கூலை மூடி மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்கூல்ல சேத்துடுவாங்க."

"பொய்யில்லையா ஐவாரே?"

"இந்த ஊர்ல பாதிப் பேர் சொல்ற பொய்யி. பேரு அங்க, புள்ள இங்க. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சி?"

ஒத்துக்கொண்டேன். புண்ணியத்துக்கு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பேர் அங்கே இருந்தால் பை, ஷூ, யூனிபாரம், தாயார் கணக்கில் அரசாங்கம் போடுகிற பணம் எல்லாம் வரும். போர்டு இல்லாத பள்ளிக்கூடத்துக்கு அது எதுவும் வராது. அரசாங்கம் கொடுத்த பையை மாட்டிக்கொண்டு, அரசாங்கம் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு என் மகள் டீச்சரம்மாவிடம் படிக்கப் போனாள்.

அதோடு விட்டதா? பேர் அங்கே இருந்ததால் பெற்றோர் கமிட்டிக்கும் என்னையே தலைவராக்கினார்கள். பேர் கொடுத்தவர்களில் மாதா மாதம் கையெழுத்துப் போட நேரம் உள்ளவன் நான் ஒருவன்தான் என்றார்கள். ரிஜிஸ்தரில் இருபத்து மூன்று பேர், நிஜமாக வந்தது நாலு பேர். இருபத்து மூன்று பேர் சாப்பிட்டதாக எழுதின தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கெல்லாம் விபூதி பூசிக்கொள்ளும்போது கை கொஞ்சம் தயங்கும். பிறகு அதுவும் பழகிப்போயிற்று.

கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்கு வந்து அரசாங்கத்தைத் திட்டுவேன். என் வாதம் இதுதான். இதை இன்றைக்கும் நான் விடவில்லை. மல்லாட்டை விற்கப் போகிறோம். ஒரு கமிஷன் கடைக்காரன் எடையில் ஏமாற்றினால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போகிறோம். நாம் போவோம் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் அவன் ஓரளவு ஒழுங்காக இருக்கிறான். நடுவில் அரசாங்கத்துக்கு ஒரு வேலை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வந்து தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுவது. அது நல்ல வேலை, அவர்களைத் தவிர யாரும் செய்ய முடியாது. ஆனால் முத்திரை போடுகிறவனே பக்கத்தில் ஒரு கடையும் திறந்தால்? அவன் தராசை யார் பார்ப்பது? மற்ற கடைக்கெல்லாம் மாடிப்படி அகலம் கேட்டு மூடிவிட்டால் நாம் எங்கே போவது? பிள்ளைக்கென்று செலவழிக்கிற பணத்தைத் தாயார் கையிலேயே கொடு. அவள் எங்கே நோட்டு திருத்துகிறார்களோ அங்கே கொண்டுபோவாள். நீ தராசை மட்டும் பார். இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சேர்மனே இப்பிடிப் பேசினா ஊரு இன்னா ஆவறது?" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார்.

போன வருஷம் மழை பிடித்த சமயத்தில் செய்தி வந்தது. பேர் இருக்கிற பிள்ளைகள் வேறு இடத்தில் படிப்பதாக மேலிடத்துக்கு யாரோ எழுதிவிட்டார்கள், அடுத்த வாரம் அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று. மகள் அப்போது நாலாம் வகுப்பு. எதிரே வருகிற பஸ் போர்டைத் தெலுங்கு, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் படிப்பாள். டீச்சரம்மா பள்ளிக்கூடம் மூடினால் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? நகரி வேனுக்கு அனுப்ப என் வருமானம் போதாது.

யார் எழுதியிருப்பார்கள்? எனக்குச் சந்தேகமே இல்லை, ஐவாருதான். பள்ளி மூடினால் அவருக்குப் புத்தலப்பட்டுப் பக்கம் மாறுதல் கிடைக்கும். அவருக்கும் சந்தேகமே இல்லை. டீக்கடையில் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நீதான் எழுதின. சர்க்கார் ஸ்கூலை இழுத்து மூடணும்னு தெனமும் இதே பெஞ்சில கத்திக்கினு கீறவன் நீதானே?"

"நான் எதிர்ல கத்தறவன் ஐவாரே, பின்னால எழுதறவன் இல்ல. ஊருக்குப் போவணும்னு நீதான் எழுதிட்ட."

"சத்தியம் பண்றியா?"

"எங்க வேணா பண்றேன்."

"காணிப்பாக்கத்தில?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பேரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை. கோர்ட்டில் தீராத வழக்கும் அங்கே தீர்ந்திருக்கிறது.

"வர்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். போகிற இடம் ஒன்று, வேறு பஸ் கிடையாது. திருப்பதி வரை அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்தில் பார்த்தால் அவரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பஸ்ஸில் இரண்டே இடம்தான் இருந்தது, சேர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

புத்தலப்பட்டு வந்ததும் ஜன்னல் வழியே கையைக் காட்டினார். "அந்தத் தோப்புக்குப் பின்னாலதான் எங்க வீடு. மாறுதல் கேட்டது நெசம். நாலு தடவை கேட்டேன். ஆனா ஸ்கூலை மூடிட்டுக் கேக்கல."

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார்.

"உன் மல்லாட்டைக் கதைய நானும் கேட்டிருக்கேன். ஒண்ணு சொல்லு. விக்காத மூட்டைய வீட்டுக்குத் தூக்கிக்கினு வந்துடுவ. யாரும் வாங்காத புள்ளைய இன்னா பண்ணுவ?"

அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நிஜமாக வருகிற நாலு பேரில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது, பேச வராது. அவள் தாய் கூலிக்குப் போகிறவள். டீச்சரம்மா இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, வைத்துக்கொண்டால் பாவம், திருப்பி அனுப்புகிறேன்" என்று அழுதுகொண்டே அனுப்பினார். ஐவாரு அவளுக்கு விரலாலேயே நூறு வரை எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார். போட்டோ எடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில்.

"அந்தப் பொண்ணுக்கும் தாயார் கையில பணம் குடுத்தா, அவளுக்குன்னு ஒருத்தர் கடை தொறப்பாங்க" என்றேன்.

"விஜயபுரத்துல?"

நான் கண்டக்டரிடம் காணிப்பாக்கம் இன்னும் எத்தனை தூரம் என்று கேட்டேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

காணிப்பாக்கத்தில் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு போய்ச் சாமி முன்னால் நிற்பது வழக்கம். முழுகினோம். தண்ணீர் சில்லென்று இருந்தது. உள்ளே சத்தியம் வாங்குகிற ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தினமும் பார்க்கிறவர்.

"எதைப் பத்தி பிரமாணம்? சாமி காதுல விழற மாதிரி முழுசா சொல்லிட்டுப் பண்ணணும்."

ஐவாரு முதலில் ஆரம்பித்தார். "எங்க ஸ்கூல் ரிஜிஸ்தர்ல இருக்கிற பசங்க வேற எடத்துல படிக்கிறாங்கன்னு நான் எழுதல…"

"படிக்கிறாங்களா இல்லியா?" என்றார் பெரியவர்.

"படிக்கிறாங்க."

"அப்ப எழுதினவன் உண்மைய எழுதியிருக்கான்."

"ஆமா."

"நீங்க ரெண்டு பேரும், உண்மைய எழுதினது நான் இல்லன்னு சத்தியம் பண்ண வந்திருக்கீங்க. அவ்ளோ தூரத்துலேந்து."

பின்னால் நின்ற ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஐவாரு என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சத்தியம் செய்யாமலே சாதாரண வரிசையில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். பிள்ளையாரிடம் அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஐவாருக்கு நாலு தும்மல். "உன்னாலதான்" என்றார். துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

விசாரணைக்கு வந்தவர் சின்ன வயது அதிகாரியம்மா. மரியாதையாகப் பேசினார். என்னையும் ஐவாருவையும் டீச்சரம்மாவையும் அந்த மயில் வரைந்த வகுப்பில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் ரிஜிஸ்தர், இன்னொரு பக்கம் ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார்.

டீச்சரம்மாவின் கையெழுத்து. அங்கீகாரம் கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பம். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லார் பேரும் வரிசையாக எழுதியிருந்தார். முதல் பேர் என் மகளுடையது. யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. படிவம் கேட்டது, அவர் உண்மையை எழுதிவிட்டார். நானும் ஐவாருவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இந்தப் பட்டியல் சரியா, ரிஜிஸ்தர் சரியா? கமிட்டித் தலைவர் நீங்கதானே, நீங்க சொல்லுங்க" என்றார் அதிகாரியம்மா. பிறகு குரலைத் தணித்து, "ரிஜிஸ்தர்தான் சரின்னு எழுதிக் குடுத்தா என் வேலை இன்னியோட முடிஞ்சுது. அந்தம்மா பொய் விண்ணப்பம் போட்டாங்கன்னு தள்ளிடுவேன். டியூஷன்னு சொல்லி அவங்க பாட்டுக்கு நடத்திக்கட்டும்" என்றார்.

எனக்கு அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. மகள் இருந்த இடத்திலேயே இருப்பாள். பள்ளி இரண்டும் பிழைக்கும். ஒரே ஒரு கையெழுத்து, மாதா மாதம் போட்டதுதான். ஆனால் பொய்க்காரி என்ற பேர் டீச்சரம்மாவுக்கு. அந்த அறையில் உண்மை எழுதினது அவர் ஒருவர்தான்.

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணா, என்னைப் பாத்துச் சொல்லாதீங்க. உங்க சாமியை நெனச்சி சொல்லுங்க."

"அவங்க பட்டியல்தான் சரி. என் மகள் மூணு வருஷமா அவங்க கிட்டதான் படிக்கிறா. நான் போட்ட கையெழுத்து எல்லாம் பொய்யி" என்றேன். ஐவாரு பெருமூச்சு விட்டார். பிறகு, "ஆமா மேடம், சேர்மன் சொல்றது நெசம்" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். எனக்குத் தலைவர் பதவி போயிற்று, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஐவாருக்கு மெமோ, சம்பள உயர்வு ஒன்று நின்றது. டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக் கதவில் மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் நிஜமாக வந்து உட்கார்ந்தால் அரசுப் பள்ளி இருக்கும், இல்லாவிட்டால் மூடிவிட்டு வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்றார் அதிகாரியம்மா.

அந்த வாரத்தில் டீச்சரம்மாவோடு நானும் சித்தூர் கல்வி ஆபீசுக்குப் போனேன். அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று நான் சாட்சி சொல்கிறேன், என் மகளைக் கூட்டிவந்து படிக்கச் சொல்லிக் காட்டுகிறேன் என்று அங்கே இருந்த குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிக் காட்டினார். மைதானம் இருந்தது, மாடிப்படி இருந்தது. நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாரா என்ற கேள்வி அதில் எங்கேயும் இல்லை. "நான் எங்க எழுதறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே இடம் இல்லை.

டீச்சரம்மா இப்போது சாயங்காலம் கோயில் வராண்டாவில் டியூஷன் எடுக்கிறார். மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறார், மறுபடியும் உண்மையான பட்டியலோடு.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மகளை நானே அரசுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நகரி வேனுக்கு ஒன்றிரண்டு பேர் போனது போக மற்ற பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தாய்மார்கள் வாசலை விட்டுப் போகவில்லை. டீச்சரம்மா வீட்டு வாசலில் நின்ற அதே கூட்டம்தான் இடம் மாறி இங்கே நின்றது. "ஐவாரே, சாயங்காலம் நோட்டுப் பாப்போம்" என்று ஒருத்தி முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

"பாரும்மா, பாரு. தக்காளிய அமுக்கிப் பாக்கற மாதிரி பாரு" என்றார் ஐவாரு. அன்றைக்கு அவர் போனை மேஜை டிராயரில் வைத்ததை நான் பார்த்தேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

ரிஜிஸ்தரைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். மூன்று வருஷமாக அவர் தினமும் இருபத்து மூன்று பேரையும் விடாமல் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறார். கூப்பிட்டால்தான் வந்ததாக மார்க் செய்ய மனசு வருகிறது என்று பிறகு என்னிடம் சொன்னார். வராத பேருக்கெல்லாம் அந்த நாலு பேரும் விளையாட்டாகப் பதில் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

என் மகளின் பேர் வந்தது. அவள் எழுந்து வாயைத் திறப்பதற்குள் முன்பெஞ்சில் மூன்று பிள்ளைகள் ஒரே குரலில், "உள்ளேன் ஐயா" என்றார்கள். அந்தக் காது கேட்காத பெண் ஐவாருவின் உதட்டைப் பார்த்து, வழக்கம்போலக் கையை உயர்த்தினாள்.

மகள் நின்றபடியே அவர்களைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "நைனா, இவங்க ஏன் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

ஐவாரு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன், நான் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். கையை உயர்த்திய அந்தப் பெண் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். மகள் அரசாங்கம் கொடுத்த பையை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தாள்.